பின்னற்றொய்வும் பூக்கொய் படலமும்

குன்னூரில் ஆடி மழை ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசி மாதத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் வெயில் நாளொன்றில், என் பேரனுக்கென்று பின்னிக்கொண்டிருந்த நீல நிற ஸ்வெட்டரின் இரண்டாங் கையில் நாற்பத்தோராம் வரியை முடித்து, ஊசிகளை நூலுருண்டையில் குத்திவைத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொள்ளும் ஒரே உத்தேசத்துடன் வாசற்படிவரை சென்ற நான், அடுத்த இருபத்து மூன்று நாட்கள் அவ்வூசிகளைத் தொடவில்லை என்பதும், அந்த இருபத்து மூன்று நாட்களில் எங்கள் வீட்டு முற்றத்தில் பதினேழு வகைப் பூக்கள் இருப்பதைக் கண்டறிந்தேன் என்பதும் இவ்வியாசத்துக்கு ஆதாரமான இரண்டு பிரத்தியட்ச உண்மைகள். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, உண்டாயின் எது காரணம், எது காரியம் என்பதே இங்கு விசாரிக்கப்படும் பொருள்.

முதற்கண் பெயர் விசாரம். நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி குணமாயிற்று என்று கருதுவது வைத்தியர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் பொதுவான சுபாவமாகையால், இந்நிலைக்குப் ‘பின்னற்றொய்வு’ என்று பெயரிடுகிறேன். இத்தொகைச் சொல்லை விரிக்குங்கால் மூன்று பட்சங்கள் எழுகின்றன. பின்னலால் வந்த தொய்வு என மூன்றாம் வேற்றுமையாக விரிப்போர், குற்றம் முழுவதையும் பின்னலின் தலையில் சுமத்துகிறார்கள். பின்னலது தொய்வு என ஆறாவதாக விரித்தால், தொய்ந்தது ஸ்வெட்டரேயன்றிப் பின்னுகிறவள் அல்லள் என்றாகும்; இது எனக்கு மிகவும் உவப்பான கொள்கையே ஆயினும், என் மாமியார் காலத்து ஸ்வெட்டர் ஒன்று மெய்யாகவே முழங்கால்வரை தொய்ந்துபோய்ப் பெட்டியில் கிடப்பதால், பொருள் மயக்கத்துக்கு இடமாகிவிடும். ஆகவே பின்னலின்கண் தொய்வு என ஏழாவதாகக் கொள்வதே சிறப்பு. ஏனெனில் இத்தொய்வு இடத்தைப் பற்றியது. சமையலின்கண் எனக்குத் தொய்வில்லை; அண்டை வீட்டாரோடு பேசுவதன்கண் அறவே இல்லை.

இனி அளவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 24 அங்குலச் சுற்றளவில், ஒன்பதாம் நம்பர் ஊசியில், அங்குலத்துக்கு 6 கண்ணியும் 8 வரியுமாகப் பின்னினால், முதுகுப்புறம் 72 கண்ணி வீதம் 120 வரி, ஆக 8,640 கண்ணி, முன்புறமும் அவ்வாறே, கை ஒன்றுக்குச் சராசரி 42 கண்ணி வீதம் 88 வரி, ஆக 3,696, இரண்டு கைகளுக்கும் 7,392. கழுத்து வளைவுக்குக் கழிவு தள்ளாமற் கணக்கிட்டால், மொத்தம் 24,672 கண்ணிகள். பிளெயின் ஒரு வரி, பர்ல் ஒரு வரி என்று இத்தனை தடவை ஊசி நுழைந்து, நூலை வளைத்து, இழுத்து, இறக்கவேண்டியிருக்கையில், எங்கோ ஓரிடத்தில் தொய்வு ஏற்படுவது ஆச்சரியமன்று. அது அநேகமாக எப்போதும் இரண்டாங் கையிலேயே ஏற்படுவதுதான் ஆராயத்தக்கது. முதற் கையைப் பின்னும்போது, இது எவ்வாறு வருமோ என்ற ஆவல் விரல்களை நடத்திச் செல்கிறது. இரண்டாங் கை எவ்வாறு வரும் என்பதோ மேசைமேல் கிடக்கும் முதற் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. பிரமதேவனும் இவ்விடத்தில் சலித்தே இருக்கவேண்டும் என்று அனுமானிக்கிறேன். மனிதரில் பலருக்கு இரண்டு கைகளும் நூலளவேனும் வேறுபட்டிருப்பதைத் தையற்காரர்கள் அறிவார்கள்.

துணைக் காரணங்கள் இரண்டு உண்டு. பன்னிரண்டு வரிகளுக்குக் கீழே ஒரு கண்ணி நழுவி, ஏணிபோல் இடைவெளி விட்டு இறங்கியிருப்பதை மேலே வந்தபின் காண்பது ஒன்று. குரோஷா ஊசியால் அதனைப் படிப்படியாக ஏற்றிவிடலாமெனினும், ஏற்றவேண்டுமே என்ற எண்ணமே ஆளைப் படுக்கவைத்துவிடும். நூல் போதாமற்போய் மறுபடி வாங்கிய உருண்டை, அதே நிற எண்ணுடையதாயினும் வேறு சாயத் தொட்டியில் தோய்ந்து வந்ததாகையால், ஒரு மாற்றுக் குறைந்த நீலமாய் இருப்பது மற்றொன்று. எனக்கு இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்தன.

நம் முன்னோர் போருக்கே பூச்சூடியவர்கள். ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, அதனை மீட்போர்க்குக் கரந்தை, பகைவர் நாட்டின்மேற் செல்வோர்க்கு வஞ்சி, மதிலை வளைப்போர்க்கு உழிஞை, உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சி, வென்றோர்க்கு வாகை எனப் புறப்பொருள் இலக்கணம் முறையாக வகுத்திருக்கிறது. இவ்விலக்கணம் பின்னலுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை இதுவரை எவரும் எடுத்துக் காட்டாதது வியப்பே. கடைக்குச் சென்று நூல் கவர்ந்து வருதல் வெட்சி. பின்னியதைப் பிரித்து நூலை மீட்டல் கரந்தை. முதுகுப்புறத்தின்மேற் செல்லுதல் வஞ்சி. கழுத்தை வளைத்தல் உழிஞை. பூனையினின்றும் உருண்டையைக் காத்தல் நொச்சி. தோளில் பொத்தான் தைத்து முடித்தல் வாகை. ஆனால், களத்தின் நடுவே வேலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இன்ன பூ என்று நூல்கள் விதித்ததாகத் தெரியவில்லை. இக்குறையை நிறைவு செய்யும் பொருட்டே நான் முற்றத்தில் இறங்கினேன் என்று கூறியதை என் கணவர் நம்பவில்லை, வாசகர்கள் நம்புவார்களாக.

முதலிற் கண்ணிற்பட்டது ஹைட்ராஞ்சியா. எங்கள் புதரில், மண்பக்கத்துக் கொத்துகள் நீலமாகவும், சுண்ணாம்பு அடித்த சுவரோரத்துக் கொத்துகள் இளஞ்சிவப்பாகவும் இருந்தன. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியச் சத்து கரைந்து வேர்வழியே ஏறுவதால் இப்பூ நீலமாகிறது; சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அச்சத்து ஏறாமையால் சிவக்கிறது. அதாவது, ஒரே செடி, ஒரே வேர், இரண்டு சாயத் தொட்டிகள்! மாற்றுக் குறைந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மனம் புழுங்கியவளுக்கு இக்காட்சி எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிறம் பொருந்தவில்லையென்று ஹைட்ராஞ்சியாவை ஒருவரும் பிரித்துப் பின்னச் சொன்னதில்லை.

அடுத்தது அந்திமந்தாரை. ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ், எந்தெந்தப் பூ எந்தெந்த வேளையில் விரியும், கூம்பும் என்பதை ஆராய்ந்து, பூக்களைக் கொண்டே கடிகாரம் அமைக்கலாம் என்று 1751-இல் எழுதினார். மாலையில் விரியும் அந்திமந்தாரையை மலையாளத்தார் நாலுமணிப்பூ என்றே வழங்குகிறார்கள். ஒரு தேசத்தாரின் வழக்கைப் பரிசோதியாமல் ஒப்புக்கொள்வது ஆராய்ச்சிக்கு அழகன்றாகையால், தொடர்ந்து ஐந்து நாட்கள் மூன்றரை மணி முதல் ஐந்து மணிவரை அச்செடியின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பூ ஒருநாள் நாலு மணிக்கு முன்னும், மறுநாள் பின்னும், மேகம் கவிந்த நாளில் தனக்கு உசிதப்பட்டபோதும் விரிந்தது. எங்கள் சுவர்க் கடிகாரமும் நாளொன்றுக்கு ஆறு நிமிஷம் பின்தங்குவதாகையால், பிழை பூவினுடையதா, கடிகாரத்தினுடையதா என்பதை நிர்ணயிக்க முடியவில்லை; இன்னும் ஐந்து நாட்கள் உட்காரவேண்டும் என்பதே இச்சோதனையின் முடிபு.

மூன்றாவது காசித்தும்பை. இதன் குலத்துக்குத் தாவர நூலார் இட்ட ‘இம்பேஷன்ஸ்’ என்னும் லத்தீன் பெயருக்குப் பொறுமையற்றது என்பது பொருள். முற்றிய காயை விரலால் தொட்டமாத்திரத்தில், அதுவரை இறுகியிருந்த தோல் ஐந்து கீற்றுகளாகப் பிளந்து சுருண்டு, விதைகளைத் தூர எறிந்துவிடுகிறது. இங்குதான் பூக்காட்சி வெட்டி வேலையாகப் பரிணமிக்கும் எல்லை வருகிறது. முதற் காயைத் தொட்டது தாவர சாஸ்திரத்தின்பால் கொண்ட சிரத்தை. இரண்டாவதைத் தொட்டது முதற் சோதனையை ஊர்ஜிதப்படுத்துவதற்காக. அன்று மாலைக்குள் அறுபத்து மூன்று காய்களைத் தொட்டதற்குச் சாஸ்திரத்தில் சமாதானம் இல்லை. அறுபான்மும்மை என்ற எண்ணின் புனிதத்தைக் கருதியே அத்துடன் நிறுத்தினேன்.

மற்ற வெட்டி வேலைகளைச் சுருங்கச் சொல்லலாம். பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு துளைப் பொத்தான், நான்கு துளைப் பொத்தான் என்று பிரித்து, மீண்டும் ஒன்றாகப் போட்டு மூடினேன். சூரியகாந்தியின் நடுவட்டில் விதைகள் வலஞ்சுழியாக 34 வரிசைகளும் இடஞ்சுழியாக 55 வரிசைகளும் ஓடுவதை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகையாக வளரும் வரிசையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பவை. கண்ணி எண்ணச் சலித்தவள் விதை வரிசை எண்ணச் சலிக்காதது எவ்வாறு என்று கேட்கலாம். சூரியகாந்தியில் எண்ணிக்கை தவறினால் எவருடைய கையும் நீளமாகிவிடாது என்பதே விடை.

இனிப் பூர்வபட்சம். என் கணவர் நாள்தோறும் காப்பி வேளையில், “என்ன, இரண்டாங் கை முளைத்ததா?” என்று கேட்பவர். பூவில் புத்தி போனதாலேயே பின்னல் நின்றது என்பது அவருடைய கட்சி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம், காலக்கணக்கில் உடைந்துபோகிறது. இவ்வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பதினைந்து வருஷமாயிற்று. ஹைட்ராஞ்சியா எங்களுக்கும் முன்னதாகவே இங்கே குடியிருந்தது. பதினைந்து வருஷமும் அது பூத்தது, நான் காணவில்லை. விருந்தினர் வந்தால், 1874-இல் ஏற்படுத்தப்பட்ட சிம்ஸ் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கி அழைத்துச் சென்று பூக்காட்டி வந்திருக்கிறேன். திரும்பும்போது எங்கள் வாசற்பூவைச் சேலைத் தலைப்பால் உரசிக்கொண்டே உள்ளே நுழைந்திருக்கிறேன். பூவே காரணமாயின் அது பதினைந்து வருஷத்துக்கு முன்பே என்னைத் தடுத்திருக்கவேண்டும். ஆகவே தொய்வே காரணம், பூ காரியம். ஊசி நுனியில் கட்டுண்டிருந்த கண் அவிழ்ந்த பிறகே முற்றம் முற்றமாயிற்று என்பது சித்தாந்தம்.

இதற்குப் பெரியோர் வழக்கும் துணை நிற்கிறது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்கக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் அனுப்பப்பட்டது தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதற்காக. வெயிலேறிப் பறவைகள் அகன்றதும் அவர்கள் அருவியாடி, பாறைமேல் குவித்த பூக்களோ தொண்ணூற்றொன்பது வகை. கிளியோட்டிய திறமைக்காக அப்பாட்டை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கம்பரிடத்திலும், மகனுடைய மணத்துக்காக மிதிலைக்குப் புறப்பட்ட தசரதனுடைய சேனை, நேரே மிதிலை போய்ச் சேர்வதை விட்டு, வழியில் மலையைக் கண்டு, பூக்கொய்து, நீர் விளையாடி, உண்டாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படலம் எடுத்துக்கொள்கிறது. கலியாண வேலையே காத்திருந்ததென்றால் கம்பளி வேலை காத்திருக்கலாகாதா? எங்கள் நீலகிரிக் குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 2006-இலும் 2018-இலும் பூத்ததுபோல், பூக்கும் இயல்புடையது. இடைப்பட்ட பதினோராண்டு மௌனத்தைத் தொய்வு என்று எவரும் பழித்ததில்லை.

எந்திரத்தைப் பார் என்பது எதிர்க்கட்சியின் கடைசி வாதம். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்னும் பாதிரியார் 1589-இல் காலுறை பின்னும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். தாம் விரும்பிய பெண், பின்னலைவிட்டுக் கண்ணெடுத்துத் தம்மைப் பாராததால் வந்த வருத்தத்திலேயே அதனைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. எலிசபெத் மகாராணி, ஏழைப் பின்னற்காரரின் பிழைப்பு கெடுமென்று அதற்கு உரிமைச் சாசனம் கொடுக்க மறுத்தாள். அதன் வழிவந்த எந்திரங்கள் இன்று திருப்பூரில் இரவும் பகலும் சுழன்று பனியன் துணி பின்னுகின்றன. அவற்றுக்கு இரண்டாங் கையில் சலிப்பு இல்லை. இருக்கட்டும், ஆனால் அவை காசித்தும்பைக் காய் வெடித்துப் பார்த்ததில்லை. அந்தப் பெண் மட்டும் இருபத்து மூன்று நாள் தொய்ந்து தலைநிமிர்ந்திருந்தால், லீ பாதிரியாருக்கு எந்திரமே தேவைப்பட்டிராது.

இறுதியாகச் சொல்லாராய்ச்சி ஒன்று. ‘கண்ணி’ என்பது ஊசியில் ஏறும் நூல்வளையம்; தலையிற் சூடும் பூந்தொடையும் கண்ணியே. சேரன் பனம்பூவும், சோழன் ஆத்தியும், பாண்டியன் வேம்பும் கண்ணியாகச் சூடினர். ஆகவே நூற்கண்ணியை வைத்துவிட்டுப் பூங்கண்ணியைத் தேடிச் சென்றவள் வேலையைக் கைவிட்டவள் அல்லள். ஒரு சொல்லின் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு இடம் பெயர்ந்தவளே. இதனை நான் எழுதி வாசித்துக் காட்டியபோது என் கணவர், “கண்ணிக்குப் பறவை பிடிக்கும் சுருக்கு என்றும் ஒரு பொருள் உண்டே, நீ அகப்பட்டது அதிலே” என்றார். உரைகாரர்கள் ஒரு சொல்லுக்குப் பல பொருள் கொள்வதை அனுமதித்திருக்கிறார்களாகையால், அதனை மறுக்கவில்லை.

இருபத்து நான்காம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் பூ தெரியவில்லை, ஊசியை எடுத்தேன், ஆறு வரிகள் விழுந்தன. மூன்றாம் நாள் மழை விட்டது. இப்போது இரண்டாங் கை நாற்பத்தேழாம் வரியில் நிற்கிறது, மீதி நாற்பத்தொன்று. தொடங்கியபோது ஐந்து வயதாயிருந்த பேரனுக்கு ஆறரை முடிந்து, சுற்றளவு 26 அங்குலம் ஆகிவிட்டது. அவன் தங்கைக்கு மூன்று வயது. அவளுக்கு இந்த ஸ்வெட்டர் பொருந்த இன்னும் இரண்டு வருஷம் செல்லும். ஆகையால் அவசரம் ஒன்றுமில்லை.