யோசனைக்கு அரைப்பேர்கூடக் கிடையாது
பெரகலச் சந்தியிலிருந்து கேள்வி – பதில்

எனக்கு ஒரு நாளைக்குப் பத்து யோசனை வருது. ஒண்ணையும் செஞ்சு முடிச்சதில்ல. என்ன குறை?
– ஹல்துமுல்லை இளைஞர்

ஒன்பது யோசனை கூடிப்போச்சு, அதுதான் குறை. மலையில் எவ்வளவு கொழுந்து நிற்கிறது என்று பார்த்து எந்தக் கணக்கப்பிள்ளையும் நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதில்லை. கொழுந்து தராசில் ஏறினால்தான் முழுப்பேரோ அரைப்பேரோ. யோசனைக்கு அரைப்பேர்கூடக் கிடையாது.

ஒன்பதையும் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்கு மேலே போடுங்கள். மிச்சமுள்ள ஒன்றுக்கு முதல் கை எங்கே வைப்பது என்று மட்டும் பாருங்கள். ‘தையல் கடை போடுவேன்’ என்பதில் கை வைக்க இடமில்லை. ‘வெள்ளிக்கிழமை பண்டாரவளைக்குப் போய்ப் பழைய மெஷின் என்ன விலை என்று கேட்பேன்’ என்பதில் இருக்கிறது.

‘செயல் வீரர்’ என்று போஸ்டரில் போடுகிறார்களே, அவர்கள் யார்?
– பசறை வாசகர்

ராத்திரியோடு ராத்திரியாகப் பசை வாளியோடு அலைந்து அந்தப் போஸ்டரை ஒட்டிய பையன்.

காரியத்தில் இறங்குகிற குணம் பிறவியில் வருவதா, பழகினால் வருமா?
– ஆசிரியை, வெலிமடை

பாதி பிறவி என்றே வைத்துக்கொள்வோம். மற்றப் பாதியைப் பழக்கலாம், அதற்குச் சாட்சியும் உண்டு. பீட்டர் கொல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1990களில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்: நத்தாருக்கு முந்தின நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதி இரண்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும். பண்டிகை நேரத்தில் யாருக்கு எழுத மனம் வரும்? ஒரு சாராரிடம் மட்டும் ‘எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்?’ என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார். குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். இப்படியான 94 ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் பார்த்தபோதும் இதே போக்குத்தான்.

உங்கள் மாணவனிடம் ‘படிப்பியா?’ என்று கேட்காதீர்கள். ‘படிப்பேன் டீச்சர்’ என்று சொல்ல அவனுக்குக் காசா பணமா? ‘ராத்திரி சாப்பிட்டுத் தட்டுக் கழுவினதும் எங்க உட்காருவ?’ என்று கேளுங்கள். ‘இஸ்தோப்புல’ என்பான். ‘அங்க பாட்டி படுத்திருந்தா?’ என்று அடுத்த கேள்வியையும் போடுங்கள். லயத்துக் காம்பிராவில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் ரெண்டு நாள்கூடத் தாங்காது.

நான் தொடங்கப்போகும் வியாபாரத்தைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொன்னால் வெட்கத்துக்காவது செய்வோம் அல்லவா?
– தியதலாவை வாசகர்

அதே கொல்விட்சர் 2009இல் இன்னொன்றையும் காட்டினார். ‘நான் இன்னாராக ஆகப்போகிறேன்’ என்பதை அடுத்தவர் கேட்டுத் தலையாட்டிவிட்டால் மனசுக்குப் பாதி ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, உழைப்பு குறைகிறது. சந்திக் கடையில் ஒரு பிளேன்டீக்கு மூன்று கம்பெனி தொடங்கிவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்க்கிற எனக்கு இது புதினமில்லை. சொல்லத்தான் வேண்டுமென்றால் ‘எங்கே, காட்டு’ என்று கேட்கிற ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அக்காவாக இருக்கும்.

செய்ய மனம் இருக்கு. ஆனா நமக்கு எல்லா வாசலும் பூட்டித்தானே இருக்கு?
– கொஸ்லந்தைத் தோட்டமொன்றிலிருந்து

பூட்டியிருப்பது உண்மை. ‘மனம் இருந்தால் போதும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் காணி உறுதி கையில் உள்ளவர்கள்.

ஆனாலும் கோ. நடேசய்யரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்க்காரர். 1915இல் இலங்கைக்கு வந்தபோது, தோட்டத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க நினைத்தார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடிக்கிற காலம் அது. இன்னொருவராக இருந்தால் கொழும்புக்குத் திரும்பி, தோட்டங்களின் கொடுமை பற்றி நல்ல தமிழில் ஒரு கட்டுரை எழுதியிருப்பார். இவர் யார் உள்ளே போகிறார்கள் என்று கவனித்தார். துணி வியாபாரி போகிறான். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இவரும் போனார். லயத்து வாசலில் உட்கார்ந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்.

நான் அவரை மெச்சுவது துணிச்சலுக்காக மட்டுமில்லை. கதவை உடைக்க அவருக்குப் பலமில்லை. ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று பார்க்கிற கண் இருந்தது. அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? பத்திரிகைகள் நடத்தினார், சட்டசபைக்குப் போனார், ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது 1931இல். மூட்டையிலிருந்து சங்கம் வரை பதினாறு வருஷம். இடையில் மனைவி மீனாட்சியம்மாள் செய்த வேலையை நம் மேடைகள் அடிக்கடி மறக்கின்றன. அறிக்கை வாசித்தால் கலைந்துபோகிற கூட்டம் பாட்டுப் பாடினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தொழிலாளர் குறையைப் பாட்டாக எழுதி, கூட்டத்தில் தானே பாடினார். சிறு பிரசுரமாக அச்சடித்தும் கொடுத்தார். எழுத்து தெரியாதவர்களுக்குச் செய்தி போய்ச் சேர அதைவிட நல்ல வழி அன்றைக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வெளியிலிருந்து ஒருவர் வந்தால்தான் நம்மாட்கள் அசைவார்களா?
– பதுளை வாசகர்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேவெஸ்ஸ தோட்டம் இருக்கிறது. 1940 வேலைநிறுத்தத்தில் அங்குள்ள தொழிலாளர்கள் தாங்களே ஒரு கமிட்டியைத் தெரிந்தெடுத்தார்கள். அதைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவேன் என்று துரை ஒப்புக்கொள்ளும் நிலைமை வந்தது. பொலிஸ் வந்து அடக்கிய பிறகு அது நிலைக்கவில்லை. இடதுசாரிச் சங்கத்தின் துணை இருந்தது, மறுக்கவில்லை. கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை.

அச்சாறு போட்டு விக்கணும்னு ஆசை. லோன் எடுக்கலாம்னு இருக்கேன். வீட்டுக்காரர் ‘பார்ப்போம்’ங்கிறார்.
– நமுனுகுலை, ஓர் அம்மா

‘பார்ப்போம்’ என்றால் நம் ஆண்கள் அகராதியில் ‘நீயே மறந்துடு’ என்று பொருள். அவரை விடுங்கள். லோனையும் இப்போதைக்கு விடுங்கள். வீட்டுக்கே வந்து வாரக் கட்டுப்பணம் கேட்கிறவர்களால் எத்தனை பெண்கள் நிம்மதி இழந்தார்கள் என்று உங்கள் லயத்திலேயே தெரியும்.

தம்பேதென்னையில் தோட்டம் வாங்கிய லிப்டன் துரை தேயிலையைக் கண்டுபிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த பண்டத்தைக் கால், அரை, ஒரு இறாத்தல் பக்கெட்டாகக் கட்டினார். ஏழை வீட்டுக்கும் அளவான பக்கெட். அதையே நீங்களும் செய்யுங்கள். அடுத்த சம்பள நாளுக்குப் பத்துச் சின்னப் போத்தல். காசு கொடுத்து வாங்கினவர் இரண்டாவது தடவை கேட்டு வருகிறாரா பாருங்கள். சொந்தக்காரர் வாங்கியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் பாசத்தில் வாங்குவார்கள், கடனிலும் வாங்குவார்கள். ஐந்து பேர் திரும்பி வந்தால் சீட்டுப் பணத்தில் இருபதாக்குங்கள். லோனைப் பற்றி அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

லிப்டன் தொட்டதெல்லாம் பொன்னாமே?
– அப்புத்தளை வாசகர்

எல்லாம் இல்லை. அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டிக்கு 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து தடவை ‘ஷாம்ரொக்’ என்ற பெயரில் படகு கொண்டுபோனார். ஐந்து தடவையும் தோற்றார். தோற்ற மனுஷனை அமெரிக்கர்களுக்குப் பிடித்துப்போய் அதிலும் தேயிலை விற்றது வேறு கதை. ‘லிப்டன் சீட்’டுக்குப் போகிறவர்கள் அவர் உட்கார்ந்த இடத்தில் படம் எடுக்கிறார்கள். போகிற வழியில் சரிவில் நின்றுகொண்டே நாளைக் கழிக்கிறவர்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம்.

தெமோதரை ரயில் வளைவு ஒரு கங்காணியின் யோசனை என்பது உண்மையா?
– எல்ல, ஓ.எல் எழுதிய மாணவி

கதை அப்படித்தான் சொல்கிறது. சரிவு அதிகம், தண்டவாளத்தை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாராம். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்ததும் வழி பிறந்ததாம். நிலையத்தைத் தாண்டிய ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைவதைப் பார்த்தால் தலைப்பாகை ஞாபகம் வருவது நியாயம்தான். கதைக்குச் சாட்சி இல்லை. ரயில் பாதை 1924இல் பதுளையைத் தொட்டதற்கு உண்டு. கங்காணியின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லாததால், மகளே, உங்களுக்கு யோசனை வந்தால் திகதி போட்டுக் கையெழுத்தும் வையுங்கள்.

எவ்வளவு காலம் பொறுக்கலாம்?
– பண்டாரவளை வாசகர்

நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கணக்கோடு எடுத்துச் சொன்னார். கேட்பாரில்லை. 1931இல் அரசாங்க சபைக்கே போய் உட்கார்ந்து சொன்னார். லக்ஷபானவில் மின்சாரம் வந்தது 1950இல். பார்த்துவிட்டுத்தான் 1953இல் கண்மூடினார். தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,000 ரூபா என்ற கோஷமும் 2015இல் கிளம்பி 2021இல்தான் வர்த்தமானிக்கு வந்தது. வந்தபோது அரிசி விலை முந்திப் போயிருந்தது.

செயலாகாத யோசனையால் என்ன நஷ்டம்? மனசுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹாலி எல

உங்கள் கொப்பிக்குள் உறங்குகிற யோசனையால் யாருக்கும் நஷ்டமில்லை, ஐயா. அலுவலகக் கோப்புக்குள் உறங்குவது வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும், மக்களை வேறிடம் அனுப்புங்கள் என்ற எச்சரிக்கை பல வருஷங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. லயத்திலிருந்தவர்கள் எங்கே போவார்கள்? காணி யார் தருவது, வீடு யார் கட்டுவது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், வேலைக்கு எவ்வளவு தூரம் நடப்பது என்பதற்கு யாரும் திகதி போடவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியது. தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க 2016 ஆயிற்று. மக்கள் சொல் கேட்கவில்லை என்று அப்போது பேசியவர்கள் உண்டு. மாற்று வீட்டின் சாவி இல்லாமல் கொடுக்கிற எச்சரிக்கையை நான் அரைவேலை என்றே சொல்வேன்.

தோட்டத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதி வருஷக்கணக்காகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எப்போது அனுப்பலாம்?
– லுணுகலை வாசகர்

ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். தொழிற்சாலை வரும்வரை காத்திருக்கவில்லை. பங்களா விறாந்தை மேசையில் இலையைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் வாட்டினார். 1873இல் லண்டனுக்குப் போனது மொத்தம் 23 இறாத்தல். உங்கள் கதை அதைவிட எடை குறைவு, தபால் செலவும் குறைவு. வருகிற திங்கட்கிழமை தபால் கந்தோர் திறந்ததும் போடுங்கள். கதையில் கொழுந்து நிறுக்கிற காட்சி இருந்தால், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ வெட்டினார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அது இல்லாத தோட்டத்துக் கதைகள் மூன்று என் மேசையில் கிடக்கின்றன.