நாய்க்குக் கடல் காட்டப் போறவனுக்கு

பேராண்டி, கத்திரி வெயில்ல ரெண்டு நாயையும் காருல ஏத்திக்கிட்டுக் கன்னியாகுமரி போறியாம்ல. படகுல வச்சு விவேகானந்தர் பாறையைக் காட்டிட்டு, ராத்திரிக்குள்ள சங்கரன்கோவில் திரும்பிருவேன்னு சொன்னியாம். உங்கம்மை வந்து பொலம்புதா. நான் ஏன் பொலம்பணும்? பைரவரு நாய் மேல ஏறிப் போனாரு. நீ நாயைக் காரு மேல ஏத்திக்கிட்டுப் போற. காலம் மாறிருச்சு, அவ்வளவுதான். தடுக்க மாட்டேன். ஆனா போறவன் விவரத்தோட போகணும்ல? கெழவன் பேச்சுதானேன்னு தள்ளிராம ஒரு காதுலயாவது வாங்கிக்கோ.

முதல்ல எந்த நாயைக் கூட்டிட்டுப் போறன்னு பாரு. ஒண்ணு, நீ பெங்களூருல இருந்து கொண்டாந்த லாப்ரடார். அதுக்குப் பூர்வீகம் கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்து. ஐஸ் மாதிரித் தண்ணியில குதிச்சு மீன்காரனுக்கு வலை இழுத்துக் குடுத்த வம்சம். அந்தக் குளிரைத் தாங்கத்தான் ரெண்டு அடுக்கு ரோமம் இருக்கு அதுக்கு. அதைக் கொண்டாந்து கரிசக்காட்டுச் சித்திரையில நிறுத்தியிருக்க. பாவம், நடுமத்தியானத்துல கோட்டு சூட்டோட மணவறையில உக்காந்த மாப்பிள்ளை கணக்கா முழிச்சுக்கிட்டுக் கெடக்கு.

இன்னொண்ணு நம்ம சிப்பிப்பாறை. ஒட்டின வயிறு, நீட்டு மூஞ்சி, மேலோட ஒட்டின ரோமம். இந்த வெயில்லயே பொறந்து, காட்டுல முயலை விரட்டி வளந்த சாதி. முயல் வேட்டைக்கு அரசாங்கம் தடை போட்டதும் முயல் பொழைச்சுது, நாய் வேலையில்லாம நம்ம திண்ணையில படுத்துருக்கு. அதுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆனா ஓடுறது, பறக்குறது எதைக் கண்டாலும் பாயும். ஆக, ஒரு நாய் தண்ணியைப் பாத்தாக் குதிக்கும், இன்னொரு நாய் காக்காயைப் பாத்தாக் குதிக்கும். ரெண்டு சங்கிலியையும் புடிச்சுக்கிட்டு நடுவுல நீ நிக்கப் போற. கடலுக்குள்ள யாரு முதல்ல விழப் போறான்னு பந்தயம் கட்டலாம்.

வடக்க ராஜபாளையத்து நாய்க்கு 2005-ல தபால்துறை தபால்தலையே வெளியிட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சு நாயைக் கடல் தாண்ட வைக்க அதுதான் சுளுவான வழி. கவர் மேல ஒட்டி அனுப்பிட்டா முடிஞ்சுது.

ரயில்ல போவமான்னு உம் பொஞ்சாதி கேட்டாளாம். தாராளமாப் போகலாம். முதல் வகுப்பு ஏசியில ஒரு கூப்பேயோ கேபினோ முழுசா எடுத்தா நாயும் கூட வரலாம்னு ரயில்வேக்காரன் எழுதி வச்சிருக்கான். ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏசியிலயும் அதுக்கு எடம் கெடையாது. காசு பாத்தா, கார்டு இருக்குற பெட்டியில நாய்ப்பெட்டின்னு ஒண்ணு உண்டு, அதுல போடணும். வழியில நீதான் எறங்கி ஓடிப்போய்த் தண்ணி வைக்கணும். நீ கூப்பேதான் எடுப்ப, எனக்குத் தெரியும். முதல் வகுப்பை உந்தாத்தன் பிளாட்பாரத்துல நின்னு எட்டிப் பாத்ததோட சரி.

சரி, காருதான்னா கேளு. மானூர் வழியாத் திருநெல்வேலி, அப்புறம் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறுன்னு எப்படியும் 140 கிலோமீட்டர் கிட்ட வரும். விடிய நாலு மணிக்கு வண்டியை எடு. முந்தின ராத்திரி அரை வயித்துக்குச் சோறு, காலையில தண்ணி மட்டும் போதும். வண்டி ஆட்டத்துல நாய்க்கும் வாந்தி வரும். வந்தா உன் புது சீட்டு கவர்லதான் வரும். நம்ம ஊரு பிரியாணியை அதுக்கும் ஒரு பொட்டலம் கட்டிருவோம்னு பாசத்தைக் காட்டிராத. வெங்காயம் நாய் ரத்தத்தையே கெடுத்துரும். அந்தப் பொட்டலத்தை என்ன செய்யன்னு கேட்டா, என் வயித்துக்கு வெங்காயம் ஒண்ணும் செய்யாது.

திருநெல்வேலிக்குள்ள நுழையும் முன்ன ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. போறப்பவே அந்த வாசலை நல்லாப் பாத்து வச்சுக்கோ. திரும்பும்போது வழி கேட்டு அலைய வேண்டாம் பாரு.

இப்ப கன்னியாகுமரி வந்தாச்சு. எட்டு மணிக்குப் படகு ஓட ஆரம்பிக்கும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்னு அரசாங்கம் நடத்துது. குகன், பொதிகை, விவேகானந்தான்னு படகுக்கெல்லாம் பேரு. பள்ளிக்கூட லீவுல அங்க வரிசை எவ்வளவு நீளம்னு நான் சொல்ல வேண்டாம். அந்த வரிசையில முன்னாடி ஒரு குழந்தை கையில ஐஸ்கிரீமோட நிக்கும், பின்னாடி நாய்னா மூணு தெரு தள்ளி நடக்குற அம்மா ஒருத்தி நிப்பா, நடுவுல உன் லாப்ரடார் நிக்கும். வீட்டுலயே போன் போட்டு நாயை ஏத்துவீங்களான்னு கேட்டுட்டுக் கெளம்பு. ஏத்தினாப் புண்ணியம். ஏத்தலைன்னா ரெண்டு பேருல ஒருத்தர் நாயோட கரையில இருக்கணும். அது நீயா, அவளான்னு 140 கிலோமீட்டரும் பேசிக்கிட்டே போகலாம். பாட்டுப் போடுற செலவு மிச்சம்.

காருக்குள்ள விட்டுட்டுப் போயிருவோம்னு மட்டும் நெனைச்சிராத. இது வெளையாட்டுப் பேச்சு இல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கி விட்டாலும், நெழல்ல நிறுத்தினாலும், மூடின காருக்குள்ள பத்து நிமிஷத்துல சூடு கடகடன்னு ஏறிரும். நீ பாறைக்குப் போயிட்டு வரதுக்குள்ள உசிரு போயிரும்.

எல்லாம் கூடி வந்தாலும் கடல்னு ஒருத்தன் இருக்கான். கடல் நீர்மட்டம் தாழ்வு, படகு நிறுத்தம்னு பேப்பர்ல அடிக்கடி போடுவானே, அது உனக்காகவும் போடுவான். காத்து அடிச்சாலும் நிறுத்துவான். அப்ப நாயும் நீயும் கரையில நின்னு 133 அடி வள்ளுவரைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அவரு கையில மூணு வெரலைக் காட்டிக்கிட்டு நிப்பாரு. மூணு பேரும் ஊருக்குப் போங்கடேன்னு சொல்லுதாருன்னு எடுத்துக்கோ.

ஏத்திட்டான்னே வச்சுக்குவோம். உனக்கு உயிர்காப்பு ஜாக்கெட் தருவாங்க. நாலு காலுக்கு அளவு இருக்காது. அதை நீதான் முன்கூட்டியே வாங்கி, நம்ம ஊரணியில போட்டுப் பழக்கணும். அரை கிலோமீட்டர் தூரந்தான் படகு. பாறையில எறங்கினதும் செருப்பைக் கழத்தச் சொல்லுவாங்க. கழத்து. நடு உச்சியில அந்தக் கல்லு மேல நீ நாலு எட்டு வை. அஞ்சாவது எட்டுக்கு நீ குதிக்கிற குதியை உன் நாய் பாத்துக்கிட்டு நிக்கும். அது பொறந்ததுல இருந்து செருப்பில்லாமத்தான் நடக்கு, யாருட்டயாவது சொல்லிச்சா? தார் ரோடா இருந்தாலும் சரி, கல்லுத்தரையா இருந்தாலும் சரி, உன் புறங்கையை வச்சு ஏழு எண்ணு. எண்ணி முடிக்கும் முன்ன கையை எடுத்தியானா, அது நாய் நடக்குற எடம் இல்லை.

பாறைக்கும் வள்ளுவருக்கும் நடுவுல 2024 டிசம்பர் 30-ல கண்ணாடிப் பாலம் தெறந்தாங்க. 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழ கடல் தெரியும். நம்ம ஆளுங்களே கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு முருகா முருகான்னு போறாங்க. சிப்பிப்பாறை கீழ குனிஞ்சு பாத்துச்சுன்னா அங்கேயே நாலு காலையும் பரப்பிப் படுத்துரும். அப்புறம் பாலத்துல நாயைத் தூக்கிக்கிட்டுப் போறது யாரு? அதைத்தான் உன் பக்கத்துல நிக்கிறவன் படம் புடிச்சு ஊருக்கே அனுப்புவான்.

நமக்கு மேலெல்லாம் வேக்கும். நாய்க்குப் பாதத்துல மட்டுந்தான் கொஞ்சம் வேக்கும். மத்த சூட்டை எல்லாம் வாயைத் தெறந்து எளைச்சுத்தான் வெளிய தள்ளணும். கடக்கரைப் புழுக்கத்துல அந்த எளைப்பும் சரியா வேலை செய்யாது. 101, 102 டிகிரி அதுக்குச் சாதாரண சூடு. 105-ஐத் தாண்டிச்சுன்னா ஆபத்து. நாக்கு செக்கச்செவேர்னு ஆயி, எச்சில் கெட்டியா நூலு விட்டு, நடக்கும்போது காலு பின்னிச்சுன்னா போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காத. நெழலுக்குக் கொண்டு போ. சாதாத் தண்ணியை வயித்துலயும் தொடையிடுக்குலயும் பாதத்துலயும் ஊத்தி விசிறு. வண்டியில ஏசியைப் போட்டு டாக்டருட்ட ஓடு. கடல் தண்ணியைக் குடிக்க விடாத. வாந்தியும் கழிச்சலும் ரெண்டு பக்கமும் பொத்துக்கிட்டுப் போகும். அதோட, கடக்கரையில ஏற்கெனவே ஒரு நாய்க் கூட்டம் குடியிருக்கு. வெளியூர் நாய், அதுவும் கழுத்துல பட்டை, மேல சோப்பு வாசம். வரவேற்பு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ. வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டு பையில இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னதும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்ட. சீமையில வைட் தீவுக்குப் போற படகுல நாய்க்குன்னே தனி எடம் விட்டிருக்கான் தாத்தான்னு போன்ல காட்டுத. இருக்கட்டும். அங்க கோடைன்னு சொல்லுறது நம்ம மார்கழி. காரையாறு அணைக்குப் போவமான்னா, அது புலிகள் காப்பகம். செக்போஸ்ட்லயே திருப்பி விட்டுருவாங்க. உள்ள விட்டாலும் அங்க இருக்குற சிறுத்தைக்கு நாய்னா உசிரு. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவுல காரோட ஏத்துற ரோ-ரோ படகு ஓடுது. நாய் காருக்குள்ள, காரு படகுக்குள்ள. அஞ்சு நிமிஷம் ஆகும் முன்ன அக்கரை வந்துரும். அதுக்கு நீ மலையைத் தாண்டி அம்புட்டுத் தூரம் ஓட்டணும்.

ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், கோவப்படாத. கடல் பாக்கணும்னு ஆசைப்பட்டது யாரு? நாயா? அதுட்டக் கேட்டா வேப்பமரத்தடி, ஈரச் சாக்கு, மண்சட்டியில தண்ணி, இதுக்கு மேல ஒண்ணும் கேக்காது. நாய் ரசிக்கிறது உன்னையத்தான், ஊரை இல்லை. அதைக் கூட்டிட்டுப் போயே தீருவேன்னா மாசி மாசம் போ. வெயில் ஏறும் முன்ன மணல்ல ஓட விட்டு, நல்ல தண்ணியில காலைக் கழுவி, ஒம்பது மணிக்கெல்லாம் திரும்பிரு. கத்திரியில வேண்டாம். இதுதான் என் தீர்ப்பு.

நீங்க ரெண்டு பேரும் இப்பவே போங்க, வேண்டாங்கலை. நாய் ரெண்டையும் உங்கம்மை பாத்துக்கிடுவா. ஆனா பின் சீட்டு சும்மாதான கெடக்கும்? நானும் உங்க பாட்டியும் ஏறிக்கிடுதோம். எங்களுக்குச் சங்கிலி வேண்டாம். ஜாக்கெட் அளவு இருக்கும். செருப்பைக் கழத்தச் சொன்னாக் கழத்திருவோம். கவுண்டர்ல எங்களை ஏத்துவீங்களான்னு போன் போட்டுக் கேக்க வேண்டியதில்லை. ரொம்ப எளைச்சா ஆளுக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் குடு, போதும். விடிய நாலு மணின்னு சொன்னேன்ல, மூணரைக்கே வாசல்ல நிப்போம். ஆரன் அடிக்காத, நாய் முழிச்சிரும்.