மூன்று வயது மூத்தவள்

1996-இல் எனக்கு இருபத்தாறு வயது. அண்ணா சாலையில் மோட்டார் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "முன்னாடி கொஞ்சம் சின்னப் பொண்ணா இருந்தா நல்லா இருக்கும்னு முதலாளி நினைக்கிறாரும்மா" என்றார். அடுத்த வாரமே என் நாற்காலியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பின்கட்டில் இருந்த ஸ்டாக் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தில் கை வைக்காததால் யாரிடமும் முறையிட வழியில்லை. இருபத்தாறு வயதில் ஒருத்தி பழசாகிவிடுவாளா என்று ரயிலில் தாம்பரம் போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

அப்போது அதை அநியாயம் என்று சொல்ல ஆளில்லை. 'இருபத்தைந்துக்கு உட்பட்ட, திருமணமாகாத பெண்கள் தேவை' என்று பத்திரிகையில் பகிரங்கமாக விளம்பரம் வரும். அரசுக்குச் சொந்தமாக இருந்த ஏர் இந்தியாவே அதற்கு முன்னோடி. விமானப் பணிப்பெண்ணுக்கு 35 வயதில் ஓய்வு. மேலிடம் மனது வைத்தால் 45 வரை நீட்டிக்கலாம். சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்தாலும், முதல் முறை கருவுற்றாலும் வேலை போய்விடும். அதே விமானத்தில் சாப்பாடு பரிமாறிய ஆண் ஊழியருக்கோ 58 வயது வரை வேலை. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் வழக்குப் போட்டார். 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியையும், நீட்டிப்பு மேலதிகாரியின் இஷ்டம் என்ற விதியையும் ரத்து செய்தது. நான்காண்டுத் திருமணத் தடையை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் பிற்பாடுதான் படித்தேன். இருபது வயதில் சேர்ந்த ஒரு பெண் காதலித்துக் கல்யாணம் செய்தால் அவள் வேலைக்கு ஆபத்து என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டதை இன்றும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. வயதாகிவிட்டது என்று ஒதுக்கியதால்தான் எனக்குக் காதல் வந்தது.

அக்கவுண்ட்ஸில் பயிற்சிக்குச் சேர்ந்த பி.காம். பையனை, ஸ்டாக் ரெஜிஸ்டர் கற்றுக்கொள்ளட்டும் என்று என்னிடம் அனுப்பினார்கள். அவருக்கு இருபத்து மூன்று. 'பின் கார்டு' என்ற இருப்பு அட்டையில் வரவு எழுதுவது, செலவு எழுதுவது, மாதக் கடைசியில் ராக்கில் இருக்கும் சாமானோடு ஒத்துப்பார்ப்பது எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "தம்பி, அந்தக் கார்டை எடுங்க", "தம்பி, அந்த பேரிங் டப்பாவை எண்ணுங்க" என்பேன். சில வாரம் பொறுத்துக்கொண்டவர் ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"மேடம், என்னைத் தம்பின்னு மட்டும் கூப்பிடாதீங்க."

"ஏன்?"

"வேண்டாம், அவ்வளவுதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. 'காதல் கோட்டை' வந்த வருஷம் அது. முகம் பார்க்காமல் காதலிப்பவர்களின் கதையை ஊரே கொண்டாடியது. நாங்களோ தினமும் எட்டு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தோம்.

சாதி ஒன்றுதான். அவர் வீட்டில் குறுக்கே நின்றது வயது. "அவளுக்கு நாப்பது ஆகும்போது உனக்கு முப்பத்தேழு. உனக்கு முன்னாடி கிழவியாயிடுவாடா" என்று என் மாமியார் அழுதார். அவரைக் குறை சொல்லி என்ன? பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று கல்யாண வயதைச் சட்டமே மூன்று வருஷ இடைவெளி விட்டுத்தானே வைத்திருக்கிறது! 1999-இல் கல்யாணத்தைப் பதியப் போன சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் பள்ளிச் சான்றிதழ்களை வாங்கிய எழுத்தர், தேதிகளைப் பார்த்துவிட்டு, பெயரை மாற்றி எழுதிவிட்டோமோ என்று மறுபடி சரிபார்த்தார்.

அதற்குள் நான் தேர்வாணையத் தேர்வு எழுதியிருந்தேன். தட்டச்சு தெரிந்ததால் முப்பது முடிவதற்குள் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். 2001 நவம்பரில் தமிழக அரசு புது ஆள் எடுப்பதையே நிறுத்தியது. 2006-இல்தான் அந்தத் தடை நீங்கியது. இடையில் வயது கடந்துபோனவர்களுக்கு ஐந்தாண்டு சலுகை கொடுத்தார்கள். அரசு தன்னால் வந்த தாமதத்தை ஒப்புக்கொண்டு வயது வரம்பைத் தளர்த்தியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தனியார் கம்பெனியில் அதை யார் செய்வார்கள்?

அவர் கம்ப்யூட்டர் படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனார். சம்பளம் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. வீட்டுக் கடன், மகள் படிப்பு எல்லாம் அதில்தான் நடந்தன. மேனேஜர் ஆன அன்று பால்கோவா வாங்கிவந்தார்.

2023-இல் அவருக்கு ஐம்பது. ஒரு மதியம் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க. ரெண்டு மாசச் சம்பளம் தர்றோம். இல்லேன்னா ரிலீவிங் லெட்டர்ல வேற மாதிரி போட வேண்டி வரும்" என்றிருக்கிறார்கள். அன்று கூப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தை அலுவலக நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அப்போது நடப்பில் இருந்த அதன் 25ஜி பிரிவு ஆட்குறைப்புக்கு ஒரு ஒழுங்கு சொன்னது: கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் அதற்குக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இங்கே நடந்தது அதன் தலைகீழ். ஆனால் அந்தப் பாதுகாப்பு 'தொழிலாளி'க்குத்தான், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இல்லை. நாங்கள் பால்கோவா சாப்பிட்டுக் கொண்டாடிய பதவிதான் அவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது. பதவியின் பெயரை அல்ல, செய்கிற வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதை நிரூபிக்க வழக்காட வேண்டும். தானாக எழுதிக்கொடுத்த ராஜினாமாக் கடிதம் எதிரே நிற்கும்போது அது சுலபமில்லை. அதற்காகத்தான் அவர்கள் வேலையை விட்டு நீக்குவதில்லை, பேப்பர் போடச் சொல்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் பதினாறாவது பிரிவு மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிக்கும் இடம் என்று வரிசையாகச் சொல்கிறது. வயது அதில் இல்லை. அந்தப் பிரிவும் அரசு வேலைக்குத்தான். அமெரிக்காவில் 1967-இலேயே நாற்பதைத் தாண்டியவர்களுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாட்டில் தனியார் வேலையில் ஒருவரை வயதுக்காக ஒதுக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் கிடையாது. வேண்டும். உரக்கக் கேட்க வேண்டிய சட்டம் இது.

இதற்கிடையே எனக்கு என்ன நடந்தது தெரியுமா? 58-ஆக இருந்த தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. சீக்கிரம் கிழவியாகிவிடுவாள் என்று பயந்தார்களே, அந்த மூத்தவளை 2030 வரை இருக்கச் சொல்லிவிட்டது அரசு. மூன்று வயது இளையவரை, போதும், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டது கம்பெனி. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நான் டிபன் பாக்ஸோடு கிளம்பும்போது என் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

அந்த நாட்களில் மகள் 'யங்கர்' என்ற அமெரிக்கத் தொடரைப் போட்டுக் காட்டினாள். 2015 முதல் 2021 வரை வந்தது. நாற்பது வயதுப் பெண், யாரும் வேலை தராததால், இருபத்தாறு என்று பொய் சொல்லிப் பதிப்பகத்தில் உதவியாளராகச் சேர்கிறாள். உண்மையிலேயே இருபத்தாறு வயதான பச்சைகுத்தும் கலைஞன் ஒருவன் அவளைக் காதலிக்கிறான். நன்றாகச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "நானும் பத்து வருஷத்தை எடுத்துடவா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. டை அடிக்கத் தொடங்கியிருந்தார். டிகிரி வாங்கிய வருஷத்தையும் பழைய வேலைகளையும் ரெஸ்யூமேயிலிருந்து நீக்கச் சொல்லி கன்சல்டன்சிக்காரர்கள் யோசனை சொல்லியிருந்தார்கள். இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் ஒரு இளைஞர், "எங்க டீமோட சராசரி வயசு இருபத்தெட்டு, உங்களுக்கு செட் ஆகுமா சார்?" என்று கேட்டாராம்.

திருத்திய ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே போயிருந்தது. அண்ணா சாலை, ஸ்டாக் ரூம், 1996.

"இந்த வரியை எடுத்தா நான் எங்கே போறது?" என்றேன்.

அவர் பேசவில்லை. அன்றிரவு நானே உட்கார்ந்து ஒரு வருஷம் விடாமல் தட்டச்சு செய்தேன். பிறந்த தேதியையும் போட்டேன்.

ஏழெட்டு இடத்தில் பதிலே இல்லை. கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். முதலாளிக்கு எழுபதுக்கு மேல். ரெஸ்யூமேயை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "வயசைப் பாக்க ஆரம்பிச்சா முதல்ல நான்ல வீட்டுக்குப் போகணும்?" என்றாராம். கணக்கும் ஸ்டோர்ஸும் என் கணவர் பொறுப்பு. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. பி.எஃப். பிடிக்கிறார்கள். முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். ஐம்பதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கினால், குறைகிற ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. அதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

டை அடிப்பதை விட்டுவிட்டார். போன வாரம், தன்னோடு பேப்பர் போட்ட இரண்டு பேருடைய ரெஸ்யூமேயை முதலாளியிடம் கொடுத்திருக்கிறார். ஒருவருக்கு 52, இன்னொருவருக்கு 49. இரண்டையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இன்னும் பதில் வரவில்லை.