அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெருமதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்களிடம் வண்டியை விட்டவர்கள் பெரும்பாலும் திட்டித்தான் எழுதுவார்கள். நான் பாராட்டி எழுதுகிறேன். நன்றாக இருந்த ஒரு என்ஜின் கண்ட்ரோல் மாட்யூலை (ஈசிஎம்) கழற்றி எடுத்துவிட்டு, அதே அளவுக்கு நன்றாக இருக்கும் இன்னொன்றை மாட்டி, அரை லட்சத்துக்கு மேல் பில் போடுவது எல்லோருக்கும் கைவந்துவிடாது.

நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். உங்கள் ஜாப் கார்டில் இதெல்லாம் ஏறியிருக்காது. ஓடிக்கொண்டிருந்த வண்டி கிண்டி அருகே நின்றுபோனது. செக் என்ஜின் விளக்கு எரிந்தது. இழுத்துக்கொண்டு உங்களிடம் வந்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் உங்கள் டெக்னீஷியன் ஸ்கேனரைச் செருகினார். பி0641 என்ற கோளாறு கோட் வந்தது. பானெட்டைத் திறக்கும் முன்பே சர்வீஸ் அட்வைசர் தீர்ப்பு வழங்கிவிட்டார்: "சார், ஈசிஎம் போயிடுச்சு."

பி0606 வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மாட்யூலின் செயலியிலேயே கோளாறு என்று சொல்லும் கோட் அது. அதற்கும்கூட, பேட்டரி வோல்ட்டேஜையும் எர்த்தையும் பார்த்துவிட்டுத்தான் நல்ல மெக்கானிக் மாட்யூலில் கை வைப்பார். பி0641 அப்படியல்ல. சென்சார்களுக்குப் போகும் வோல்ட்டேஜ் சரியில்லை என்பதே அதன் பொருள். ஈசிஎம் தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. ஒரே லைனில் பல சென்சார்கள் தொங்கும். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் மொத்த லைனும் படுத்துவிடும். எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்த நொடியில் ஸ்பார்க் கொடுப்பது என்பதற்கெல்லாம் சென்சார்களின் வாக்குமூலத்தைத்தான் மாட்யூல் நம்பியிருக்கிறது. அவை மொத்தமாக உளறினால் என்ஜின் நின்றுபோகக்கூடும். அதாவது, தப்பு நடந்திருக்கிறது என்று புகார் கொடுத்ததே இந்த மாட்யூல்தான். புகார் கொடுக்க வந்தவரையே லாக்கப்பில் போட்டுக் கேஸை முடித்துவிட்டீர்கள்.

புது மாட்யூல் வந்தது. அதைச் செருகினால் மட்டும் வண்டி ஓடிவிடாது என்பதையும் உங்களிடம்தான் கற்றேன். வெறும் பெட்டியாக வரும் அதில் மென்பொருளை ஏற்ற வேண்டும், சேஸிஸ் நம்பரை எழுத வேண்டும், என் சாவியை அடையாளம் கண்டுகொள்ளும்படி இம்மொபிலைசரோடு ஜோடி சேர்க்க வேண்டும். அதற்கெல்லாம் கம்பெனி சர்வருக்குள் நுழைய வேண்டும். இத்தனையும் சிறப்பாகச் செய்தீர்கள். கோடிங் சார்ஜ் தனி. வண்டி கேட்டைத் தாண்டவில்லை. அதே விளக்கு, அதே பி0641.

உங்கள் தொழில்நுட்ப அறிவின் உச்சம் அப்போதுதான் வெளிப்பட்டது. "எலி கடிச்சிருக்கும் சார். வயரிங் ஹார்னஸ் முழுசா மாத்திடலாம்" என்றார் அட்வைசர். புது மாட்யூலுக்கு வாரண்டி உண்டே என்றேன். "எலின்னா வாரண்டி வராது சார்." சென்னை எலிகளைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் பார்க்காமலே ஒருவர் மேல் பழி போடக் கூடாது.

வண்டியை எங்கள் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவரிடம் இருந்தது ஒரு மல்டிமீட்டர். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூட வரவில்லை. ஒவ்வொரு சென்சாரின் கப்ளராகக் கழற்றிக்கொண்டே வந்தார். ஏசி கேஸின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றியதும் மீட்டர் 5 காட்டியது. என்ஜின் ஸ்டார்ட் ஆனது. ஏசி சென்சாருக்காக என்ஜின் நிற்குமா என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே லைன்ல இருக்குண்ணே. அது குப்புற விழுந்தா எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் விழும்." புது சென்சாரின் விலை, உங்கள் பில்லில் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று போட்டிருந்தீர்களே, அந்தத் தொகையைவிடச் சற்றே அதிகம்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். மாட்யூல் உண்மையிலேயே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் அது யாரோ ஒருவருடைய சாவியைத்தான் நினைவில் வைத்திருக்கும் என்றார். பழைய மாட்யூலின் சிப்பிலிருந்து டேட்டாவை எடுத்து அதில் ஏற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால் மறுபடியும் உங்கள் வாசல்தான். திருட்டைத் தடுக்க இம்மொபிலைசர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. திருடனைத் தடுக்கும் பூட்டு, சொந்தக்காரரின் மெக்கானிக்கையும் சேர்த்துத் தடுப்பதுதான் உறுத்துகிறது.

இந்த உறுத்தல் எனக்கு மட்டும் வந்ததல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளமும் திறந்தது. உங்கள் வரவேற்பறைச் சுவரில் மட்டும் இன்னமும் 'வெளியில் பழுதுபார்த்தால் வாரண்டி செல்லாது' என்ற பலகை தொங்குகிறது. அதன் எழுத்துகள் தேய்ந்துபோனதால் புதிதாக வண்ணம் பூசியிருப்பதையும் கவனித்தேன்.

பாராட்டு இத்தோடு முடிந்தது. இனி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மாட்யூலை மாற்றச் சொல்வதற்கு முன் எந்தெந்த இடத்தில் வோல்ட்டேஜ் அளந்தீர்கள், என்ன வந்தது என்று எழுதிக் கொடுங்கள். எதையும் அளக்கவில்லையென்றால் அதையே எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு அது இன்னும் வசதி. அடுத்து, கழற்றிய என் பழைய மாட்யூல் எங்கே? "கம்பெனி பாலிசி சார், ஸ்கிராப்புக்குப் போயிடும்" என்று அட்வைசர் சொன்னார். அந்த பாலிசி எந்தத் தாளில் இருக்கிறது, அதில் நான் எங்கே கையெழுத்துப் போட்டேன் என்று காட்டுங்கள். அது நான் காசு கொடுத்து வாங்கிய வண்டியின் பாகம். பழுதாகாத பாகமும்கூட. பதினைந்து நாட்களுக்குள் அனுப்பிவையுங்கள். கூரியர் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர் (மாட்யூல் நீங்கலாக)