அறுபத்தேழாம் விதி

கேரளத்தில் அரசு ஊழியர்கள் அரசியலில் ஈடுபடக் கூடாது. 1960-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 67-ஆவது விதி அதைத்தான் சொல்கிறது. கட்சியில் சேரக் கூடாது, தேர்தல் வேலை செய்யக் கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று மூச்சு விடக் கூடாது.

விட வேண்டிய அவசியமும் இல்லை. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்று கேட்டால் போதும். என்.ஜி.ஓ. யூனியன் என்றால் மார்க்சிஸ்ட். ஜாயின்ட் கவுன்சில் என்றால் சிபிஐ. என்.ஜி.ஓ. அசோசியேஷன் என்றால் காங்கிரஸ். சித்தூர் தாலுகா ஆபீஸுக்கு டீ கொண்டுவருபவருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டுக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் தெரிவதில்லை.

அப்படியானால் விதி யாருக்கு? இடுக்கி மலையில் இருக்கும் தேவிகுளத்துக்கு ஏறிப் பாருங்கள்.

2017 ஏப்ரலில் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நட்டிருந்த சிலுவையை சப் கலெக்டர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் அகற்றினார். முதல்வர் கண்டித்தார். மந்திரி எம்.எம்.மணி, அந்த அதிகாரியை ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று மேடையில் பேசினார். ஜூலையில் அதிகாரிக்கு மாற்றல். 2019 பிப்ரவரியில் முதிரப்புழை ஆற்றங்கரையில் மூணாறு பஞ்சாயத்து கட்டிய கட்டடத்துக்கு, அதே சப் கலெக்டர் பதவிக்குப் பிறகு வந்த ரேணு ராஜ் தடை மெமோ கொடுத்தார். உயர் நீதிமன்ற உத்தரவு அவர் பக்கம் இருந்தது. எம்.எல்.ஏ. எஸ்.ராஜேந்திரனோ அவருக்கு மூளையே இல்லை என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பிறகு வருத்தமும் வந்தது. செப்டம்பரில் அவருக்கும் மாற்றல். இருவரும் எந்தக் கட்சிக் கொடியும் பிடிக்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் பிடித்தார்கள். இடுக்கியில் அதைவிடப் பச்சையான அரசியல் வேறு கிடையாது.

பேனாவைச் சரியான திசையில் ஓட்டினால் கதையே வேறு. 1999-இல் தேவிகுளத்தில் கூடுதல் தாசில்தார் பொறுப்பில் இருந்தவர் அதிகாரமில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 530 நிலப் பட்டயங்களுக்கு 'ரவீந்திரன் பட்டயம்' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவற்றை ரத்து செய்ய அரசு உத்தரவு போட்டது 2022 ஜனவரியில். மூணாறு மார்க்சிஸ்ட் கட்சி ஆபீஸ் நிற்பதும் அதே வகைப் பட்டயத்தில்தான். அதை யாரையும் தொட விடமாட்டோம் என்றார் மணி. ரத்து செய்ததும் அவர் கட்சி ஆட்சி, தொடவிடாததும் அவர் கட்சி! லயத்தில் ஒற்றை அறையில் மூன்று தலைமுறையாகக் கிடக்கிற தோட்டத் தொழிலாளிக்கு இதைப் பார்த்துச் சிரிக்கவாவது ஒரு சென்ட் இடம் கொடுங்களேன்.

பாலக்காட்டுக்காரர்கள் கொஞ்சம் நேர்மையானவர்கள். பி.சரின் தணிக்கைத் துறை உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு காங்கிரஸ் அரசியலுக்கு வந்தார். 2024 இடைத்தேர்தலில் சீட் கிடைக்காததால் ஒரே இரவில் இடதுசாரியாகி, தோற்றும் போனார். அடுத்த ஆண்டே மாநில அரசுத் திட்டம் ஒன்றில் ஆலோசகர். மாதம் 80,000 ரூபாய். தேர்வு எழுதாமல் அரசுச் சம்பளம் வாங்க இது சுருக்கு வழி. பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் காத்துக் கிடக்கிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

டெல்லி மட்டும் சும்மாவா? மத்திய அரசு ஊழியர் ஆர்.எஸ்.எஸ். பக்கம் போகக் கூடாது என்று 1966-இல் போட்ட தடையை 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அரசியல் எது என்பதை ஆட்சியில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். அவருடையதைத் தவிர மற்றதெல்லாம் அரசியல்.

ஆகவே ஒரு மனு. 67-ஆவது விதியை இப்படித் திருத்துங்கள்: 'எந்த அரசு ஊழியரும் தன்னந்தனியாக, கட்சித் துணையின்றி, சட்டத்தை மட்டும் நம்பி வேலை பார்க்கக் கூடாது.' மனுவைத் தமிழிலேயே எழுதுகிறேன். 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது, பதிலும் தமிழில் வர வேண்டும். நகல் தேவிகுளம் சப் கலெக்டருக்கு. பெயர் போடவில்லை, பதவியோடு நிறுத்திக்கொண்டேன். தபால் மலையேறுவதற்குள் யார் இருப்பார்களோ.