பாரி வளைவில் பிறந்த ஞானம்

ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக 200 கி.மீ. சைக்கிள் மிதிக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அக்கம்பக்கத்தார் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் வள்ளன்மை காட்டினார்கள். சைக்கிள் 48,000 ரூபாய். பஞ்சு வைத்த நிக்கர் தனி. “அந்தப் பணத்தையே கொடுத்திருக்கலாமேடா?” என்றாள் அம்மா. பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

பயிற்சிக்குக் கத்திரி வெயிலில் ஏலகிரி மலைச்சாலை. 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கியது. நான்காவதில் பாட்டில் தண்ணீர் ரசப் பதத்துக்கு வந்திருந்தது. தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. அன்றைய முதல் நன்கொடை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் ‘பாரி’ என்ற பலகை. முல்லைக்கொடிக்கு அவர் தேரைக் கொடுத்தது கருணையால் என்றுதான் பள்ளியில் படித்தேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது: அவர் பறம்புமலைக்காரர், மேட்டுப்பாதை தெரிந்தவர்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். கண்ணுக்கெட்டியவரை ஒரு முல்லைக்கொடிகூட இல்லை.