லட்சாதிபதிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்

கேள்வி: குறைந்த செலவில் வியட்நாம் சுற்றலாமா?

பதில்: தாராளமாக! சில ஆயிரம் ரூபாயை மாற்றினாலே வியட்நாம் பணமான டாங் கணக்கில் லட்சாதிபதி. அந்த லட்சாதிபதி, நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் குந்தித்தான் ஃபோ நூடுல்ஸ் சூப் குடிக்க வேண்டும், ருசியும் அங்கேதான். 20,000 டாங், 5,00,000 டாங் நோட்டுகள் இரண்டுமே நீலம், இரண்டிலும் தேசத் தலைவர் ஹோ சி மின் சிரிப்பார். இருட்டில் மாற்றிக் கொடுத்தால் முட்டை காபி 25 மடங்கு விலை. ஹனோயில் சாலையைக் கடக்கையில் ஓடாதீர்கள், நிற்காதீர்கள். சீராக நடந்தால் மோட்டார் சைக்கிள்களே விலகிப் போகும். (பஸ் விலகாது!) இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் ஓட்டல் வாடகை மிச்சம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறவேண்டும். படுக்கை குட்டை, ஆறடி ஆசாமி என்றால் முழங்காலுக்குத் தனி டிக்கெட் எடுக்கலாம்.